மூன்று தலைமுறையோடு பாம்பன் தீவுக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு பயணத் திட்டம்

கோயில், தனுஷ்கோடி, கலாம் நினைவிடம், பாலம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டுத் திரும்பும் வேன்களை, பாம்பன் தீவில் இருக்கும் ராமேஸ்வரத்தில் தினமும் பார்க்கலாம். உள்ளே அப்பத்தா கால் வீங்கி உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் கடலில் ஆசைதீர ஒருமுறைகூட விளையாடியிருக்க மாட்டார்கள். அந்த வேன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். மூன்று நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு காலையையும் ஒரு தலைமுறைக்குக் கொடுங்கள், மற்றவர்கள் அன்று துணைக்குப் போகட்டும். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு முடிவை ஒட்டித்தான்.

முதலில் பெரியவர்களிடம் கேளுங்கள்

கூட்டத்தில் வைத்துக் கேட்டால் "உங்களுக்கு எது வசதியோ அதுவே போதும்" என்பார்கள். தனியாக, மாலையில் ஓய்வாக இருக்கும்போது கேளுங்கள். அக்னி தீர்த்தக் கடற்கரையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்ற பல வருட ஆசை அப்போதுதான் வெளியே வரும். அதை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு பிள்ளைகளிடம் போங்கள்.

மாதத்தைக் காற்று தீர்மானிக்கட்டும்

இங்கே வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று வடகடலைக் கலக்கும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பொங்கும். பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு போக ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். அந்த நாட்களில் தனுஷ்கோடிச் சாலையோரத் தண்ணீரில் பூநாரைகளையும் பார்க்க வாய்ப்புண்டு. தை அமாவாசையன்று மட்டும் போகாதீர்கள், அந்த நெரிசலை முழங்கால் வலி உள்ளவர்கள் தாங்க மாட்டார்கள். மே மாதம்தான் விடுமுறை என்றால் நுங்கு கிடைக்கும், ஆனால் வெயில் கடுமை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் மீன் வரத்தும் குறைவு.

டிக்கெட்

முதியவர்களுக்கு ரயில்தான் சுகம். 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். தாத்தா, அப்பத்தா இருவருக்கும் சேர்த்து ஒரு தனி டிக்கெட் எடுங்கள். 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் அந்த வயதுடையவர்கள் மட்டும், அதிலும் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அது பொருந்தும். மொத்தக் குடும்பத்தையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்தச் சலுகை போய்விடும். விடிந்தபின் பாம்பனைக் கடக்கும் ரயிலாகப் பார்த்து எடுங்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், கப்பல் வரும்போது நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும். அதற்கு முன் ரயில்கள் 1914-ஆம் ஆண்டின் பழைய பாலத்தில்தான் போயின. புதியதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, பழையதைப் பற்றியும் சொல்லுங்கள்.

அறை

தரைத்தளமோ லிஃப்ட்டோ வேண்டும், மேற்கத்தியக் கழிப்பறை வேண்டும். வண்டி வாசல்வரை வருமா, இல்லை நடக்க வேண்டுமா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே விடுதியில் கேளுங்கள். கடற்கரையும் கோயிலின் கிழக்கு வாசலும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முதல் காலை: தாத்தா, அப்பத்தாவுக்கு

விடியும்போது அக்னி தீர்த்தம். பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். கிணற்றின் விளிம்பில் நிற்பவர் கயிற்றில் கட்டிய வாளியை விட்டு, இழுத்த வேகத்தில் தலையில் ஊற்றிவிடுவார். மூச்சை இழுத்து முடிப்பதற்குள் அடுத்த கிணற்றுக்கு வரிசை நகரும். சுற்றிவரும் வழியெல்லாம் ஈரம், கல்தளம் வழுக்கும். ஆகவே, முதியவர் ஒவ்வொருவருக்கும் இளையவர் ஒருவர். முன்னால் போய் இழுக்காமல், பக்கத்தில் நடந்து முழங்கையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். சேலை கால் தடுக்காமல் சற்று உயர்த்திச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். சளி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் 22-லும் குளித்தே ஆக வேண்டும் என்றில்லை, தலையில் தெளித்துக்கொண்டாலும் போதும். ஈரத்துணியோடு சந்நிதிக்குப் போக முடியாது. மாற்றுத்துணிப் பையை ஒருவர் நனையாமல் வைத்திருக்க வேண்டும், அவருக்கு அன்று அதுதான் வேலை. தரிசனம் முடித்து மூன்றாம் பிராகாரத்தில் மெதுவாக நடந்தால், அந்த நீண்ட தூண்வரிசையில் பிள்ளைகள் தாமாகவே அமைதியாகிவிடுவார்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், எல்லோரும் தூங்குங்கள்.

இரண்டாம் காலை: நடுவயதுக்காரர்களுக்கு

தனுஷ்கோடி. ஆறு மணிக்குள் கிளம்பினால் ஒன்பதுக்குள் திரும்பிவிடலாம். நிழல் அரிது. தொப்பி, தண்ணீர், பிஸ்கட் கையோடு இருக்கட்டும், புறப்படும் முன் எல்லோரும் கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறுங்கள். அரிச்சல்முனையில் இரு கடலும் சேர்வதைப் பார்க்கலாம், இறங்கக் கூடாது. நீரோட்டம் காலை வாரிவிடும். திரும்பும் வழியில் இடிந்த தேவாலயத்தின் அருகே வண்டியை நிறுத்துங்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயல் ஊரையே அழித்தது, பயணிகளோடு வந்த ரயிலும் கடலில் போனது. அதற்கு முன் இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போனது. தாத்தாவுக்கு எழுபதைக் கடந்த வயது என்றால், இந்தக் கதையை நீங்கள் சொல்லாதீர்கள். அவர் சொல்லட்டும்.

மூன்றாம் காலை: பிள்ளைகளுக்கு

அரியமான் கடற்கரைக்குப் போங்கள். அலை குறைவு, பின்னால் சவுக்குத்தோப்பு. அப்பத்தா நிழலில் பாய் விரித்து உட்காரலாம். அப்போதும் ஒரு பெரியவர் தண்ணீருக்குள் நின்றபடியே கவனிக்க வேண்டும், கரையிலிருந்து பார்த்தால் போதாது. குருசடை முதலான 21 மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா. படகுக்காரர் யார் அழைத்தாலும், வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள். சொந்த வண்டியில் வந்தவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகும்போது காரங்காட்டில் அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரி போகலாம். உயிர்காப்பு உடுப்பு முதியவர்களுக்கும் கட்டாயம்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. தரிசனம் முடியும்வரை பெரியவர்களுக்குச் சைவம். நண்டும் கணவாயும் அடுத்த நாள் பாம்பன் அல்லது மண்டபம் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் குறைத்துச் செய்யச் சொல்லுங்கள், ராமநாதபுரத்து முண்டு மிளகாய் பிள்ளைகளுக்குக் காரம்.

கருவாடு வாங்குவதாக இருந்தால் ஊர் திரும்பும் அன்று வாங்குங்கள். இரண்டு அடுக்குப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, துணிப்பெட்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.