நோய்ப்பட்ட வளர்ப்புப் பாம்பு: அவசரத்தில் செய்யும் தவறுகள்

வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் நாம் முதலில் கேட்பது, "ஏதாவது சாப்பிட்டியா?" என்றுதான். பாம்பு வளர்ப்பவர்களும் இதே மனநிலையில்தான் இருக்கிறார்கள். பாம்பு சோர்ந்து கிடக்கிறது, வைத்த இரையைத் தொடவில்லை என்றதும், எப்படியாவது ஒரு எலியை உள்ளே தள்ளிவிட்டால் தெம்பு வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பாம்புக்கு இது பொருந்தாது. முதலில் சூடு, அடுத்து தண்ணீர், பிறகு மருந்து, கடைசியில்தான் இரை. இந்த வரிசையை மாற்றுவதால்தான் பிழைத்திருக்க வேண்டிய பாம்புகள் பல செத்துப்போகின்றன.

இங்கே சொல்வதெல்லாம் முக்கியமாக பால் பைத்தான் எனப்படும் பந்து மலைப்பாம்பைப் பற்றி. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தச் சாதுவான பாம்பைத்தான் பல நாடுகளில் வீட்டில் அதிகம் வளர்க்கிறார்கள். இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு போன்ற நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவை அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குத்தான் தகவல் சொல்ல வேண்டும். பந்து மலைப்பாம்பு வெளிநாட்டு இனம் என்றாலும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால் அதையும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லை என்ற பயத்தில் டாக்டரிடமே போகாமல் இருப்பது அந்த உயிருக்குச் செய்யும் பெரிய துரோகம்.

சூடு

பாம்பு தன் உடம்புக்கான சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. செரிமானம், நோய் எதிர்ப்பு, மருந்து வேலை செய்யும் வேகம் எல்லாமே சுற்றுப்புறச் சூட்டை நம்பித்தான். பந்து மலைப்பாம்பின் பெட்டியில் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். ஏசி அறையில் வைத்துவிட்டு, "ஏன் சளி பிடித்தது?" என்று கேட்பவர்கள் நிறைய.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நோய் என்று தெரிந்ததும் பெட்டி முழுவதையும் சூடாக்கிவிடுவார்கள். ஒதுங்கக் குளிர்ந்த மூலை இல்லாத பாம்பு, உடம்பு நீர் வற்றிப்போய் இன்னும் மோசமாகும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டும் (சூடாகும் விரிப்பு), சூடாகும் செயற்கைக் கல்லும் ஆபத்து. அடிவயிறு வெந்துகொண்டிருந்தாலும் பாம்பு பெரும்பாலும் நகராமல் அப்படியே படுத்திருக்கும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், அது ஒட்டிய இடத்தின் சூட்டைத்தான் காட்டும். ஒயரின் முனையில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, பாம்பு படுக்கும் இடத்திலேயே வையுங்கள்.

மூச்சு

வீட்டுப் பாம்புகளுக்கு அடிக்கடி வருவது நுரையீரல் தொற்று. ஃபேனை நிறுத்திவிட்டு, பாம்பின் தலைப் பக்கம் காதைக் கொண்டுபோய்க் கேளுங்கள். மூச்சு விடும்போது மெல்லிய 'டிக்' சத்தமோ கொரகொரப்போ வருகிறதா? மூக்குத் துளையில் குமிழி தெரிகிறதா? பெட்டியின் கண்ணாடியில் காய்ந்த கோழைத் தடம் இருக்கிறதா? தலையை மேலே தூக்கி வைத்தபடியே கிடக்கிறதா? வாயைத் திறந்து மூச்சு விட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டிய நிலை. சட்டை உரிக்கும் சமயத்தில் மட்டும், மூக்குத் துளையில் பழைய தோல் தங்கி லேசான விசில் சத்தம் வரலாம். அது உரித்து முடித்ததும் நின்றுவிடும். நிற்காவிட்டால் நோய்தான்.

தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பது இதில் பெரிய தவறு. பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, நம்மைப் போல இருமிக் கோழையை வெளியே தள்ள முடியாது. ஊர்வனவற்றின் சீழும் நம்முடையதைப் போல வழியாமல் பன்னீர்த் துண்டு மாதிரி கட்டியாகிவிடும். உள்ளே தங்கியது தங்கியதுதான்.

சளிதானே என்று சாம்பிராணி போடுவது, தைலம் தடவுவது, யூகலிப்டஸ் ஆவி பிடிக்க வைப்பது வேண்டவே வேண்டாம். கொசுவர்த்தியும் செருகிவைக்கும் கொசு விரட்டியும் அந்த அறையில் இருக்கக் கூடாது. அவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் ஊர்வனவற்றின் நரம்பைத் தாக்கக்கூடியவை. பெட்டியை பினாயில் போட்டுத் துடைப்பதும் அப்படித்தான், ஃபீனால் வகைக் கிருமிநாசினிகள் பாம்புக்கு நஞ்சு.

வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. எந்தக் கிருமி என்று பார்க்காமல் கொடுத்தால் சரியான மருந்து கிடைக்க வேண்டிய நாட்கள்தான் வீணாகும். தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். மலைப்பாம்புகளின் மூச்சு நோய்க்கு நிடோவைரஸ் ஒரு காரணம் என்று 2014இல் தெரியவந்தது, அதற்கு பிசிஆர் சோதனை உண்டு. வைரஸ் என்றால் ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது, கூடவே வரும் பாக்டீரியாவை மட்டும்தான் அடக்கும்.

டாக்டர் தரும் ஊசியை உடம்பின் முன்பாதியில்தான் போடச் சொல்வார். பின்பாதியில் போட்டால் மருந்து உடம்பெங்கும் பரவுவதற்கு முன்பே சிறுநீரகத்துக்குப் போய்விடலாம். செஃப்டாசிடிம் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளை மூன்று நாளைக்கு ஒருமுறைதான் போடுவார்கள். பாம்பின் உடம்பு மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். இது போதாது என்று நினைத்துத் தினமும் போட்டுவிடாதீர்கள். சத்தம் குறைந்ததும் பாதியில் நிறுத்துவதும் கூடாது. மீண்டும் வரும்போது அதே மருந்து கேட்காமல் போகலாம்.

தண்ணீர்

நீர் வற்றிய பாம்பின் தோல் பக்கவாட்டில் மடிப்பு மடிப்பாக நிற்கும், எச்சில் பிசுபிசுக்கும், கண் உள்வாங்கும். இந்த நிலையில் சில ஆன்டிபயாட்டிக்குகள் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும், அதனால்தான் தண்ணீர் மருந்துக்கு முன்னால் வருகிறது. ஆனால் ஆழமான டப்பில் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். சோர்ந்த பாம்பால் தலையைத் தூக்கி வைத்திருக்க முடியாது. அதன் உடம்பின் பாதிப் பருமனுக்கு மேல் ஏறாத வெதுவெதுப்பான தண்ணீர், கால் மணி நேரம், நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மூச்சுத் திணறல் உள்ளதற்கு அதுவும் வேண்டாம். ஈரப் பாசி போட்ட மறைவிடம் போதும்.

சிரிஞ்சால் வாயில் தண்ணீர் ஊற்றுவது மிக ஆபத்து. பாம்பின் மூச்சுக்குழாய் வாய் கீழ்த்தாடையிலேயே, நாக்குக்குச் சற்று மேலே திறந்திருக்கிறது. ஊற்றியது நேராக நுரையீரலுக்குப் போகலாம். அப்புறம், பால். புற்றுக்குப் பால் வார்க்கும் ஊரில் பிறந்த நமக்கு இது உடனே தோன்றும். தாகத்தில் தவிக்கும் பாம்பு பாலையும் குடித்துவிடும், ஆனால் அதைச் செரிக்கும் வழி அதன் குடலுக்குக் கிடையாது.

இரை

நல்ல ஆரோக்கியமான பந்து மலைப்பாம்பே மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். வளர்ந்த பாம்பு சில மாதம் இரையை மறுத்தால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை. எடை குறைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சமையலறைத் தராசு ஒன்றைப் பாம்புக்கென்றே ஒதுக்கி, வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். பத்து சதவீதம் குறைந்தால், அல்லது முதுகெலும்பு துருத்தத் தொடங்கினால் டாக்டரிடம் போங்கள்.

வாயைத் திறந்து எலியைத் திணிப்பது நான் கேள்விப்படும் தவறுகளிலேயே கொடுமையானது. தாடை காயப்படும், பல் உடையும், சூடு குறைந்த உடம்பில் அந்த இரை செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும். நெடுநாள் பட்டினி கிடந்ததற்குத் திடீரென்று பெரிய இரை கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் சரிந்து உயிரே போகலாம். உண்மையிலேயே ஊட்ட வேண்டிய நிலை வந்தால் டாக்டர் குழாய் வழியாக நீர்த்த உணவில் தொடங்குவார்.

இரையைக் கக்கிவிட்டால் மறுநாளே இன்னொன்று வைக்காதீர்கள். கக்கும்போது உணவுக்குழாய் அமிலத்தால் புண்ணாகிறது. 10 முதல் 14 நாள் விட்டு, வழக்கத்தில் பாதி அளவு இரை போதும். திரும்பத் திரும்பக் கக்கினால், நடு உடம்பில் வீக்கமும் தெரிந்தால், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுப் போவது எப்போதுமே தப்பு. சோர்ந்த பாம்பை எலி கடித்துக் குதறிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாம்பு உண்ணிக்கு வேப்பெண்ணெய் பூசி மூழ்கடிக்க வேண்டாம். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து டாக்டர் சொல்லும் அளவில் மட்டும். அது ஆமைகளைக் கொல்லும், எனவே வீட்டில் ஆமை இருந்தால் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். கண்மேல் தங்கிய பழைய தோலை நகத்தால் உரித்தால் கண்ணே போகும். நோய்ப் பாம்பைத் தனி அறையில் வைத்து, மற்ற பாம்புகளைக் கவனித்த பிறகு கடைசியாக இதைத் தொடுங்கள். சால்மோனெல்லா என்ற பாக்டீரியா மனிதர்களுக்கும் பரவும் என்பதால் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறை சிங்க்கில் கழுவக் கூடாது. விருந்தினர் வந்தால் எடுத்துக் காட்டுவதும் இப்போதைக்கு வேண்டாம்.

பெட்டியில் மரத்தூளுக்குப் பதிலாக வெள்ளை டிஷ்யூ பேப்பரை விரித்து வையுங்கள். கோழை, ரத்தம், கருப்புப் புள்ளியாக உண்ணி எல்லாம் அதில் உடனே தெரியும். பாம்பு தானாக முதல் இரையை எடுத்ததும் குறைந்தது இரண்டு நாள் அதைத் தொடாதீர்கள். அடுத்து வரும் எச்சத்தை உலரவிடாமல் சின்ன டப்பாவில் போட்டு அன்றைக்கே டாக்டரிடம் கொடுத்து ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.