போதகர் நல்லவரா? பிரசங்கத்தை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்

பேசத் தெரிந்த யாரும் அரை மணி நேரத்தில் நம்மை அழவைத்துவிடலாம், அதனால் பிரசங்கத்தை வைத்து ஒரு தலைவரை எடைபோடாதீர்கள்.

முதலில் காணிக்கைக் கணக்கைக் கேளுங்கள். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தில் யாரும் குறை சொல்லக்கூடாது என்று ஆதிச் சபைத் தலைவர் பவுல், தன் உடன் ஊழியர் தீத்துவோடு சபைகளே தெரிந்தெடுத்த ஒருவரையும் சேர்த்து அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). பவுலே அப்படி என்றால், "தேவனுக்குத்தான் கணக்குக் கொடுப்பேன்" என்பவரிடம் உஷாராக இருக்க வேண்டாமா?

அப்புறம், தப்பைச் சுட்டிக்காட்டினால் என்ன செய்கிறார் என்று பாருங்கள். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய சோதனை. தாவீது ராஜா செய்தது விபசாரமும் கொலையும். ஆனாலும் தீர்க்கதரிசி நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்றதும் பாவத்தை ஒத்துக்கொண்டான். ஆகாப் ராஜாவோ, உண்மை சொன்ன தீர்க்கதரிசி மிகாயாவைச் சிறையில் போட்டான். "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று உங்கள் வாயை அடைப்பார்கள், சரி, அந்த வசனம் வரும் சங்கீதம் 105-ஐ எடுத்து முழுசாகப் படியுங்கள்: ஊர் ஊராக அலைந்த முற்பிதாக்களை ராஜாக்கள் ஒடுக்காமல் தேவன் காத்ததைத்தான் அது சொல்கிறது. தாவீதும் அபிஷேகம் பெற்றவன்தானே, அவனை நாத்தான் கண்டிக்கவில்லையா!

கேள்வி கேட்டவர்கள் ஒவ்வொருவராகச் சபையை விட்டுப் போகிறார்களா? முதல் இடத்துக்கு ஆசைப்பட்ட தியோத்திரேப்பும் ஆட்களைச் சபைக்குப் புறம்பாகத் தள்ளினவன்தான் (3 யோவான்).

இன்னொன்று, சின்ன விஷயம்தான். அடுத்த சபை அசனத்தில் (பொது விருந்தில்) அவர் எந்தப் பந்தியில் உட்காருகிறார் என்று கவனியுங்கள்.