ஜெர்மானிய முன்னோரைத் தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் விஸ்கான்சின், பென்சில்வேனியா, ஒஹாயோ பக்கம் பத்துப் பேரிடம் பேச்சுக் கொடுத்தால் அதில் சிலராவது "எங்க எள்ளுத் தாத்தா ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்" என்பார்கள். அங்கே சம்பந்தம் செய்துகொண்ட நம் ஆட்கள் வீட்டிலும் இந்தத் தேடல் இப்போது நடக்கிறது, பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் தஞ்சாவூர் என்றால் இன்னொரு பக்கம் ஏதோ ஒரு ஜெர்மன் கிராமம். அந்த "ஏதோ ஒரு" என்பதில்தான் சிக்கலே.

எல்லோரும் முதலில் செய்வது, தாத்தாவின் பெயரையும் "ஜெர்மனி" என்பதையும் இணையத்தில் தட்டி, வருகிற முதல் ஆளைப் பிடித்துக்கொள்வது. தயவுசெய்து வேண்டாம். 1871 வரை ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. பிரஷ்யா, பவேரியா, பாடன், வுர்ட்டம்பெர்க், ஹெஸ்ஸெ என்று தனித்தனி அரசுகள், ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம். பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதிவு செய்வது நாடு முழுக்க வந்தது 1876 ஜனவரியில், பிரஷ்யாவில் மட்டும் 1874 அக்டோபரிலேயே. ரைன் நதிக்கு மேற்குக் கரையில் பிரெஞ்சு ஆட்சி இருந்ததால் 1798 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. மற்ற இடங்களில் அதற்கு முந்தைய காலத்துக்கு அந்தந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள்தான் கதி. ஆகவே ஊர்ப் பெயர் கையில் இல்லாமல் அந்தப் பக்கம் போனால் அலைச்சல்தான் மிஞ்சும்.

அந்த ஊர்ப் பெயர் பெரும்பாலும் அமெரிக்காவிலேயேதான் கிடைக்கும், அதைத் தேடாமல் கடல் தாண்டுவது இரண்டாவது தவறு. குடியுரிமைப் பத்திரத்தை நம்பி உட்காராதீர்கள். 1906க்கு முந்தையவற்றில் பெரும்பாலும் "பிரஷ்ய மன்னருக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன்" என்பதோடு முடித்துவிடுவார்கள். அவர் அமெரிக்காவில் போன ஜெர்மன் சபையின் பதிவேடு அதைவிட எவ்வளவோ மேல். லுத்தரன் (புராட்டஸ்டன்ட்) சபை அடக்கப் பதிவு என்றால், இறந்தவரின் வயதை இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள் என்று கணக்காகப் போட்டு, பிறந்த கிராமத்தையும் எழுதியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஏனென்றால் எழுதிய பாதிரியாருக்கும் ஜெர்மன் தெரியும், அந்த ஊரும் தெரிந்திருக்கும். ஜெர்மன் மொழிப் பத்திரிகைகளில் வந்த இரங்கல் குறிப்புகளும் அப்படித்தான். உங்கள் நேர் தாத்தாவுக்குக் கிடைக்கவில்லையா, அவருடைய தம்பி, மச்சினன், பக்கத்துப் பண்ணைக்காரர், குழந்தைக்கு ஞானப் பெற்றோராக நின்றவர் என்று வட்டத்தை விரியுங்கள். ஒரே கிராமத்துக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பக்கத்துப் பக்கத்தில் குடியேறுவது அன்றைக்குச் சர்வசாதாரணம். கல்யாணமே ஆகாத சித்தப்பாவின் இரங்கல் குறிப்பில் முழுக் குடும்பத்தின் பூர்வீகமும் இருந்துவிடும்.

சரி, ஊர் கிடைத்துவிட்டது, "நாய்ஷ்டாட்" என்று. எந்த நாய்ஷ்டாட்? அந்தப் பெயரில் ஜெர்மனி முழுக்க ஊர்கள் கிடக்கின்றன. 1912ஐ ஒட்டி வந்த மேயர்ஸ் ஊர் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எந்த மாவட்டம், தேவாலயம் உள்ளூரிலா வெளியூரிலா என்பதெல்லாம் அதில் பார்க்கலாம். "ஹாம்பர்க்", "ப்ரேமன்" என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம் தேவை, பல சமயம் அது கப்பலேறிய துறைமுகமாக மட்டும் இருக்கும். ஹாம்பர்க் வழியாகப் போனவர்கள் அதிர்ஷ்டசாலிகள், 1850 முதல் 1934 வரையிலான பயணிகள் பட்டியல் பெருமளவு தப்பியிருக்கிறது, கடைசியாக வசித்த ஊரும் அதில் உண்டு. ப்ரேமன் பட்டியல்களை வைக்க இடமில்லை என்று அதிகாரிகளே அழித்தார்கள், மீதியில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போனது.

எல்லைகள் நகர்ந்ததையும் மறக்காதீர்கள். பிரான்ஸ்-ஜெர்மனி எல்லையில் உள்ள அல்சேஸ் பகுதிக்காரர் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிரான்சில் பிறந்தவர், அடுத்ததில் ஜெர்மனியில் பிறந்தவர் என்று இருப்பார். இரண்டும் ஒரே ஆள்தான், 1871ல் அந்தப் பகுதி கைமாறியது, 1918ல் திரும்பவும் மாறியது. பொமரேனியா, சிலேசியாக்காரர்களின் ஊர்கள் இன்று பெரும்பாலும் போலந்தில் இருக்கின்றன, பிரெஸ்லாவ் இன்று வ்ரோட்ஸ்வாஃப், ஆவணங்களில் நிறைய போலந்து அரசுக் காப்பகங்களில். "ரஷ்யா" என்று எழுதிவிட்டு வீட்டில் ஜெர்மன் பேசியவர்கள் ரஷ்யாவின் வோல்கா நதிப் பக்கம் குடியேறிய வோல்கா ஜெர்மானியர்களாக இருக்கலாம், 1763ல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் விடுத்த அழைப்பை ஏற்றுப் போனவர்களின் வாரிசுகள். அவர்களை ஜெர்மனியில் தேடினால் நூறு வருடம் தள்ளித் தேடுகிறீர்கள்.

பெயர் விஷயம் தனிக் கதை. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்று ஒவ்வொரு குடும்பமும் சொல்லும். 1892ல்தான் அந்தத் தீவு திறந்தது, ஜெர்மானியர் அலையின் உச்சம் 1882ல், அதாவது பெரும்பாலோர் அங்கே கால் வைத்ததே இல்லை. வைத்தவர்களுக்கும் அதிகாரி கையில் இருந்தது கப்பல் கம்பெனி ஏற்கெனவே எழுதிக் கொண்டுவந்த பட்டியல். பெயரை மாற்றியது பிற்பாடு பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் அவர்களே விரும்பியதும்தான். முல்லர் மில்லர் ஆனார், ஸிம்மர்மன் (தச்சர்) கார்ப்பென்டர் ஆனார். ஜெர்மன் பேச்சுவழக்கில் b-யும் p-யும், அதேபோல் d-யும் t-யும், g-யும் k-யும் குழம்பும் என்பதால் ஒரே ஆள் Bauer, Pauer என்றெல்லாம் திரிவார், எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் யோஹான். ஒரே வீட்டில் நாலு பையன்கள் யோஹான் கியோர்க், யோஹான் பீட்டர், யோஹான் ஆடம், யோஹான் ஹைன்ரிஹ் என்று இருப்பார்கள், கூப்பிடுவது இரண்டாவது பெயரை. அமெரிக்காவில் ஜார்ஜ் என்று இருந்தவரை ஞானஸ்நானப் பதிவில் "கியோர்க்" என்று மட்டும் தேடினால் சிக்கமாட்டார். ஒரு குழந்தை இறந்தால் அடுத்துப் பிறந்ததுக்கு அதே பெயரை வைப்பதும் வழக்கம். அதனால் பொருந்துகிற பெயரும் வருடமும் கிடைத்தவுடன் குதிக்காமல் அடக்கப் பதிவேட்டையும் புரட்டுங்கள், உங்கள் தாத்தா இரண்டு வயதில் அங்கேயே புதைக்கப்பட்டிருந்தால் அவர் உங்கள் தாத்தா இல்லை. வெஸ்ட்ஃபாலியாவில் பண்ணை மனைவிக்குச் சொந்தம் என்றால் கணவர் அந்தப் பண்ணைப் பெயரையே எடுத்துக்கொள்வார், அப்பாவும் மகனும் வெவ்வேறு குடும்பப் பெயரில் இருந்தால் பதறவேண்டாம்.

தேதியில் தடுக்கி விழுபவர்களும் உண்டு. 3.5.1848 என்றால் மே 3, அமெரிக்கக் கண்ணுக்கு மார்ச் 5. பழைய பதிவுகளில் "7பெர்" என்று இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர் (லத்தீனில் ஏழு என்பது 'செப்டெம்'). கையெழுத்து குர்ரென்ட் என்கிற பழைய சாய்வெழுத்து, நவீன ஜெர்மன் நன்றாகப் படிப்பவர்களுக்கே திணறும். எழுத்து அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே பாதிரியாரின் பத்துப் பக்கத்தைப் பார்த்தால் கை பழகிவிடும்.

மூன்று அண்ணன் தம்பிகள் சேர்ந்து வந்தார்கள், 1848 புரட்சியில் தப்பி ஓடினார், பிரபு குடும்பம் என்ற கதைகளை எழுதி வையுங்கள், நம்பிவிடாதீர்கள். புரட்சிக்காரர்கள் வந்தது உண்மை, ஆனால் கூட்டத்தில் அவர்கள் சிறு பகுதி. மற்றவர்களைத் துரத்தியது 1846-47ன் உருளைக்கிழங்கு, தானிய விளைச்சல் பொய்த்ததும் நிலம் துண்டு துண்டானதும். குடும்பப் பெயரைச் சொன்னால் குலச்சின்னம் அச்சடித்துத் தருகிறோம் என்பவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள், அந்தச் சின்னம் அதே பெயர் கொண்ட வேறு யாரோ ஒருவருடையது.

செலவைப் பொறுத்தவரை இணையத்தில் ஃபேமிலிசர்ச் தளமும் கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கான மாட்ரிகுலா தளமும் இலவசம், புராட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கான ஆர்க்கியோன் கட்டணத் தளம், ஊர் உறுதியான பிறகு ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டினால் போதும். அரசுப் பதிவில் பிறப்புக்கு 110 வருடம், திருமணத்துக்கு 80, இறப்புக்கு 30 வருடம் கழிந்தால்தான் எல்லோருக்கும் திறப்பார்கள். அதற்குள் வேண்டுமானால் நேரடி வாரிசு என்பதற்கான ஆதாரத்தோடு எழுதுங்கள், ஜெர்மனில், சுருக்கமாக, ஒரு கடிதத்துக்கு ஒரே கேள்வி. குடும்பக் கதை முழுவதையும் நாலு பக்கத்துக்குக் கொட்டி அனுப்பினால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும்.