லேப்டாப்ல லினக்ஸ் போட்டாச்சு, வைஃபை மட்டும் காணோமா?

மொதல்ல ஒண்ணு, லேப்டாப் மாடல் பேரப் போட்டு டிரைவர் தேடாதீங்க. ஒரே மாடல்லயே சிலதுல இன்டெல் கார்டு இருக்கும், சிலதுல ரியல்டெக் இருக்கும், அப்புறம் யாரோ கார்டுக்கு சொன்ன வைத்தியத்த நம்ம மெஷினுக்குப் பண்ணிட்டு உக்காந்திருப்போம். நமக்கு வேண்டியது சிப்போட நம்பர். டெர்மினல்ல எல்எஸ்பிசிஐ கமாண்ட், ஒரு ஸ்பேஸ் விட்டு மைனஸ் என்என்கே, என்டர். நெட்வொர்க் கன்ட்ரோலர்னு வர்ற வரியில சதுர அடைப்புக்குள்ள 14இ4:43ஏ0 மாதிரி ஒண்ணு இருக்கும். முன்பாதி கம்பெனி (8086னா இன்டெல், 10இசின்னா ரியல்டெக், 14இ4ன்னா பிராட்காம்), பின்பாதி சிப். அதுக்குக் கீழ "கெர்னல் டிரைவர் இன் யூஸ்"னு ஒரு வரி வந்தா டிரைவர் ஏறிடுச்சுன்னு அர்த்தம்.

விண்டோஸ் பழக்கத்துல எல்லாத்துக்கும் டிரைவர் டவுன்லோட் பண்ணணும்னு நெனைப்போம், இங்க முக்கால்வாசி டிரைவர் கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) கூடவே வந்துடும், இல்லாம போறது பெரும்பாலும் ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ள ஏத்தற குட்டி புரோகிராம்) ஃபைல்தான். சுடோ போட்டு (அட்மின் உரிமையோட) டி-எம்-இ-எஸ்-ஜி கமாண்ட ஓட்டி, வர்ற கெர்னல் மெசேஜ் எல்லாம் பாத்து அதுல ஃபர்ம்வேர்ங்கற வார்த்தையத் தேடுங்க, "ஃபெயில்டு டு லோட்"னு இருந்தா ஆள் மாட்டிக்கிச்சு. டெபியன்ல 2023ல வந்த 12ஆவது வெர்ஷன்லேர்ந்து இன்ஸ்டாலர்லயே ஃபர்ம்வேர் வந்துடுது, அதுக்கு முந்தினதுன்னா தனியா போடணும். நெட்டே இல்லாம எப்படிப் போடறதுன்னா, ஃபோன யூஎஸ்பில சொருகி டெதரிங் (ஃபோன் நெட்ட லேப்டாப்புக்குக் குடுக்கறது) ஆன் பண்ணுங்க, பெரும்பாலும் எந்த டிரைவரும் கேக்காது.

மேல சொன்ன 43ஏ0 சிப்புக்கு ஃபர்ம்வேர் பத்தாது, பிராட்காமோட சொந்த டிரைவர் வேணும், அது டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரத் திரும்பக் கட்டற டூல்) வழியா உங்க மெஷின்லயே கம்பைல் ஆகும். கூடவே அந்தக் கம்பைலுக்குத் தேவையான கெர்னல் ஹெடர்ஸ் ஃபைலும் போட்டு வைங்க, இல்லன்னா கெர்னல் அப்டேட் ஆன மறுநாள் காலைல வைஃபை காணாம போயிடும். அப்படிப் போயிடுச்சுன்னா க்ரப் மெனுல (பூட் ஆகும்போது வர்ற லிஸ்ட்) பழைய கெர்னல எடுத்து பூட் பண்ணி சரி பண்ணுங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி, வைஃபை அணைஞ்சு கெடக்கான்னு காட்டற ஆர்எஃப்கில் லிஸ்ட் கமாண்ட ஒரு தடவ அடிச்சுப் பாத்துடுங்க. நான் ரெண்டு தடவ ஓஎஸ்ஸையே திரும்பப் போட்டிருக்கேன், கடைசில பாத்தா "ஹார்டு பிளாக்டு எஸ்". லேப்டாப் ஓரத்துல இருந்த குட்டி ஸ்விட்ச் ஆஃப்ல கெடந்துச்சு!

என்விடியா கிராபிக்ஸ் கார்டா இருந்தா உபுண்டுல "அடிஷனல் டிரைவர்ஸ்" தொறந்து ரெக்கமெண்டட்னு இருக்கறத எடுங்க, கம்பெனி சைட்லேர்ந்து ஃபைல் எறக்கி ஓட்டற வேலை வேண்டாம். செக்யூர் பூட் (நம்பிக்கையில்லாத டிரைவர ஏற விடாம தடுக்கற பாதுகாப்பு) ஆன்ல இருந்தா இன்ஸ்டால் நடுவுல ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலமா ஒரு ஸ்கிரீன் வரும், 10 செகண்டுதான் நிக்கும், அதுக்குள்ள ஏதாவது கீய அமுக்கி "என்ரோல் மோக்" எடுத்து அதே பாஸ்வேர்டக் குடுக்கணும். டீ எடுக்கப் போயிட்டீங்கன்னா அது பாட்டுக்கு பூட் ஆகி டிரைவர் ஏறாம நிக்கும், நிறைய பேர் டிரைவரே சரியில்லன்னு திட்டறது இந்த எடத்துலதான்.

சவுண்டு, டச்பேட் எல்லாம் புது கெர்னல் போட்டாலே பல சமயம் சரியாயிடும். கைரேகை சென்சார் மட்டும், லிப்எஃப்பிரின்ட் (லினக்ஸ்ல கைரேகைக்கான சாஃப்ட்வேர்) சப்போர்ட் லிஸ்ட்ல உங்க சென்சாரோட நம்பர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா பாஸ்வேர்டே டைப் பண்ணிட்டுப் போங்க.