டர்போ ஆயில் ரிட்டர்ன் பம்ப் நின்றால் கத்தும் பஸ்ஸர்: நீங்களே கட்டும் முறை

டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகும். வெளியே வரும்போது அழுத்தம் இருக்காது. நுரை கலந்து, தன் எடையில்தான் வழியும். தொழிற்சாலையிலிருந்தே டர்போவோடு வரும் பெரோடுவா அத்திவா, புரோட்டோன் எக்ஸ்50 போன்ற கார்களில் டர்போ, என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைவிட உயரத்தில் இருப்பதால் இதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. இடம் போதாமல் டர்போவைக் கீழே இறக்கிய கார்களிலும், பின்னால் சைலன்சர் பக்கம் வைத்த கார்களிலும் ஆயிலை மேலே இழுத்துவிட மின்சார ரிட்டர்ன் பம்ப் வேண்டும்.

அந்த பம்ப் நின்றால் என்ன ஆகும்? என்ஜின் ஓடும்வரை ஆயில் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். வெளியேற வழி இல்லாததால் டர்போவின் நடுப்பகுதி நிறையும். டர்போவின் ஷாஃப்டில் இருப்பது ரப்பர் சீல் அல்ல. பிஸ்டன் ரிங் மாதிரியான ஒரு வளையம். நிற்கும் ஆயிலைத் தடுக்க அதனால் முடியாது. ஆயில் எக்ஸாஸ்டுக்குள் கசிந்து நீலம் கலந்த வெள்ளைப் புகை கிளம்பும். புகையை நீங்கள் கண்ணாடியில் பார்க்கும் நேரத்தில் சம்ப்பிலும் ஆயில் குறைந்திருக்கும்.

பலர் பம்புக்குப் போகும் ஒயரில் ஒரு பச்சை எல்.இ.டி. மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த விளக்கு சொல்வது பம்ப்வரை கரண்ட் வந்தது என்பதை மட்டும்தான். கார்பன் பிரஷ் தேய்ந்து மோட்டார் சுற்றாமல் இருந்தாலும் அது எரியும். ஆயில் நகர்கிறதா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். அதற்கு இரண்டு காவல் போடுகிறோம்: மோட்டார் ஆம்பியர் இழுக்கிறதா என்று ஒன்று, ஆயில் தேங்குகிறதா என்று இன்னொன்று. புரோகிராம் எழுதத் தேவையில்லை.

வாங்க வேண்டியவை: 5 கால் 12 வோல்ட் கார் ரிலே ஒன்று (சிறு கரண்டில் இயங்கும் மின்காந்த சுவிட்ச்; பம்புக்குத் தனி ரிலே ஏற்கெனவே இருக்க வேண்டும்), 14 மி.மீ. கண்ணாடி ரீட் சுவிட்ச் இரண்டு (காந்தம் பட்டால் உள்ளே இரண்டு தகடுகள் ஒட்டும் சுவிட்ச்; ஒன்று உடையும், அதனால் இரண்டு), 1.2 மி.மீ. இனாமல் செம்புக் கம்பி ஒரு மீட்டர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளோட் சுவிட்ச் (ஆயிலில் மிதவை எழும்பினால் மாறும் சுவிட்ச்), 1என்4007 டையோடு, 12 வோல்ட் பஸ்ஸர், சிவப்பு, பச்சை 12 வோல்ட் விளக்குகள், அழுத்தினால் இணைப்பு அறுபடும் வகை பட்டன், 1 ஆம்பியர் பியூஸ். கோலாலம்பூரில் இருப்பவர்கள் ஜாலான் பாசார் பக்கம் ஒரு நடை போனால் எலக்ட்ரானிக் சாமான்கள் எல்லாம் கிடைத்துவிடும். பிளாஸ்டிக் பிளோட் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். டர்போவிலிருந்து வரும் ஆயில் சாதாரணமாகவே 100 டிகிரியைத் தாண்டும். பிளாஸ்டிக் இளகி, மிதவை தண்டில் ஒட்டிக்கொள்ளும்.

படி 1: உங்கள் பம்ப் எவ்வளவு இழுக்கிறது?

மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து பம்பின் பாசிட்டிவ் ஒயரில் தொடராகச் சேருங்கள். என்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஆறிய என்ஜினில் ஒரு தடவை. ஆயில் கெட்டியாக இருக்கும்போது ஆம்பியர் கூடும், சூடானால் குறையும். கேமரன் மலைக்குப் போய் விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்னும் கூடும். பியூஸ் தேர்ந்தெடுக்கும்போது அதையும் நினைவில் வையுங்கள். நமக்கு முக்கியம் சூடான ஐடில் எண். இங்கே கணக்குக்கு 4 ஆம்பியர் என்று எடுத்துக்கொள்கிறோம்.

படி 2: ரீட் சுவிட்ச் சுருள்

இதைப் பொறுமையாகச் செய்யுங்கள், முழு வேலையும் இதை நம்பித்தான் இருக்கிறது. ரீட் சுவிட்ச் நுழையும் அளவுக்கு ஒரு பேனா ரீஃபில் குழாயோ உறிஞ்சு குழாயோ எடுத்து, அதன்மேல் இனாமல் கம்பியை நெருக்கமாக 8 சுற்று சுற்றுங்கள். பம்புக்குப் போகும் கரண்ட் முழுவதும் இந்தச் சுருள் வழியாகப் போகும். அதனால் உண்டாகும் காந்தம் உள்ளே இருக்கும் இரண்டு தகடுகளையும் ஒட்ட வைக்கும். 4 ஆம்பியரும் 8 சுற்றும் பெருக்கினால் 32 ஆம்பியர்-சுற்று. சாதாரண ரீட் சுவிட்ச் ஒட்ட 20 முதல் 30 வரை போதும். ரீட் சுவிட்சின் காலை மடக்கும்போது கண்ணாடிக்கும் மடிப்புக்கும் நடுவே குறட்டால் பிடித்துக்கொண்டு மடக்குங்கள். இல்லையென்றால் கண்ணாடி முனையில் நூல் மாதிரி ஒரு விரிசல் விழும், கண்ணுக்குத் தெரியாது.

காரில் மாட்டும் முன் மேசையிலேயே அளவு பாருங்கள். பிரேக் விளக்குக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்று சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும், இரண்டை இணையாகப் போட்டால் 3.5. பேட்டரி, 5 ஆம்பியர் பியூஸ், சுருள், பல்பு என்று தொடராக இணைத்து, ரீட்டின் இரு கால்களிலும் மல்டிமீட்டரின் பீப் சோதனையை வையுங்கள். இரண்டு பல்பும் எரியும்போது பீப் வர வேண்டும். ஒன்றைக் கழற்றியதும் பீப் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒரு சுற்றைக் குறையுங்கள். இரண்டு பல்பும் எரிந்தும் பீப் வராவிட்டால் ஒரு சுற்று கூட்டுங்கள். ரீட் ஒட்டுவதற்கு வேண்டிய ஆம்பியரைவிட விடுவதற்கு வேண்டியது நன்றாகக் குறைவு, அதனால் கழற்றிப் பார்க்கும் சோதனைதான் உண்மையைச் சொல்லும். சரியானதும் பசை போட்டு ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். ஸ்டார்ட்டர் கேபிள், ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். அவற்றின் காந்தம் ரீட்டை ஏமாற்றிவிடும்.

பம்ப் இறுகி நின்றால் ஆம்பியர் எகிறும், பியூஸ் போகும், பிறகு பூஜ்யம். பிரஷ் தேய்ந்தாலும், ஒயர் அறுந்தாலும், ரிலே கெட்டாலும் பூஜ்யம்தான். எப்படிப் போனாலும் ரீட் விட்டுவிடும்.

படி 3: பிளோட் வைக்கும் கிண்ணம்

மோட்டார் சுற்றியும் ஆயில் நகராமல் போகலாம்: பம்பின் பல்சக்கரம் தேய்ந்திருக்கும், வடிகட்டி அடைத்திருக்கும், ஹோஸ் உள்ளுக்குள் ஒட்டியிருக்கும். இதை ஆம்பியர் காட்டாது. டர்போவுக்கும் பம்புக்கும் நடுவே, டர்போவுக்குக் கீழே, சுமார் 300 மி.லி. கொள்ளும் அலுமினியக் கிண்ணம் ஒன்று வையுங்கள். மேலே உள்வழி, அடியில் வெளிவழி. பிளோட் கிண்ணத்தின் பாதி உயரத்தில் வேலை செய்ய வேண்டும். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஆயில் வருகிறது என்றால் மீதிப் பாதி நிரம்ப 9 விநாடிதான். பிளோட்டை விளிம்புக்கு அருகில் வைத்தால் அந்த 9 விநாடியும் போய்விடும்.

மிதவையைத் தண்டிலிருந்து கழற்றித் தலைகீழாக மாட்டினால் சுவிட்சின் வேலை மாறும். கீழே இருக்கும்போது இணைந்தும், மேலே எழும்பும்போது பிரிந்தும் இருக்கும்படி மாட்டுங்கள். அப்போதுதான் அதன் ஒயர் அறுந்தாலும் பஸ்ஸர் கத்தும். தண்ணீரில் மிதக்கிறது என்று விட்டுவிடாமல், ஒரு கோப்பை என்ஜின் ஆயிலில் போட்டுப் பாருங்கள். ஆயில் தண்ணீரைவிட எடை குறைந்தது.

வளைவில் ஆயில் அலைபாய்ந்து பஸ்ஸர் விட்டுவிட்டுக் கத்தினால், பிளோட்டைச் சுற்றித் துளையிட்ட தகடு ஒன்று வையுங்கள். ரிலேயின் காயிலுக்குக் குறுக்கே பெரிய கெப்பாசிட்டர் போடச் சொல்வார்கள், செய்யாதீர்கள். அது நிரம்பும்போது பாயும் கரண்டில் ரீட்டின் தகடுகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பிறகு பம்ப் செத்தாலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

படி 4: ஒயரிங்

பம்ப் ரிலேயின் 87-ஆம் காலிலிருந்து (எண்கள் ரிலேயின் கால்களுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும்) வரும் ஒயரைச் சுருள் வழியாக பம்புக்குக் கொண்டுபோங்கள். பிறகு எச்சரிக்கை ரிலே, அதாவது நாம் வாங்கிய 5 கால் ரிலே. சாவி போட்டால் வரும் 12 வோல்ட்டை 1 ஆம்பியர் பியூஸ் வழியாக 30-ஆம் காலுக்குக் கொடுங்கள். அதே இடத்திலிருந்து ஒரு கிளை: பட்டன், ரீட், பிளோட், 86 என்று தொடராக. 85 பாடிக்கு (காரின் இரும்பு உடல், அதாவது நெகட்டிவ்). டையோடின் கோடு போட்ட முனை 86-இல், மறுமுனை 85-இல். 87ஏ-யில் பஸ்ஸரும் சிவப்பு விளக்கும், 87-இல் பச்சை விளக்கு. இவற்றின் மறுமுனை பாடிக்கு.

எல்லாம் சரி என்றால் ரிலே இழுத்துப் பச்சை எரியும். சங்கிலியில் எது விட்டாலும் ரிலே விழுந்து பஸ்ஸர் கத்தும். இரண்டு விளக்கும் எரியவில்லை என்றால் காவலே செத்துவிட்டது என்று அர்த்தம். பம்ப் ரிலேயைத் தட்டும் கரண்டையும் இந்தக் கரண்டையும் ஒரே பியூஸிலிருந்து எடுக்க வேண்டாம். அது போனால் இரண்டும் சேர்ந்து சத்தமில்லாமல் போய்விடும்.

கோலாலம்பூரில் திடீர் வெள்ளம் வந்தால் முழங்கால் அளவு தண்ணீர் சாதாரணம், பினாங்கிலும் அப்படித்தான். காருக்கு அடியில் வரும் எல்லா இணைப்புக்கும் ரப்பர் சீல் உள்ள கனெக்டர் போடுங்கள். வெறும் டேப் சுற்றினால் செம்பு உள்ளுக்குள் பச்சை பூத்துவிடும்.

படி 5: சோதனை

சாவியை ஆன் செய்து, என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல், பம்ப் பியூஸைப் பிடுங்குங்கள்: உடனே கத்த வேண்டும். திரும்பப் போட்டு பிளோட் கனெக்டரைக் கழற்றுங்கள்: கத்த வேண்டும். பட்டனையும் அழுத்திப் பாருங்கள். இந்தப் பட்டன் சோதனையைத் தினமும் காலையில் செய்வது நல்லது. பிறகு என்ஜின் சூடாகி, ஐடிலிலும் 3000 ஆர்.பி.எம்.மிலும் சில நிமிடம் பச்சை அசையாமல் இருக்கிறதா பாருங்கள். ஐடிலில் மட்டும் சிமிட்டினால் சுருளுக்கு ஒரு சுற்று கூட்டுங்கள். பிறகு பல்புச் சோதனையைத் திரும்பவும் செய்யுங்கள்.

ஓடும்போது கத்தினால்? டர்போ காரை அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஐடிலில் விடு என்று போமன் (மெக்கானிக்) சொல்லியிருப்பார். அந்தப் பழக்கம் இங்கே ஆபத்து, ஐடிலிலும் ஆயில் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். ஃபெடரல் ஹைவேயோ பினாங்குப் பாலமோ, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பத்திரமாக ஓரம் ஒதுங்கி, உடனே அணைத்துவிடுங்கள். ஓட்டத்திலேயே சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்டீயரிங், பிரேக் இரண்டும் கனத்துவிடும். பம்ப் பியூஸை மாற்றி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பச்சை வந்து பம்பின் சத்தமும் கேட்டால், டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு சரி என்று பார்த்த பிறகே பக்கத்து ஒர்க்‌ஷாப்வரை மெதுவாக ஓட்டலாம். பியூஸ் திரும்பவும் போனால் இழுவை வண்டிதான்.

ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் பம்புக்கு முன்னால் உள்ள வடிகட்டியைக் கழற்றி, கருகிய ஆயில் துகள்களைக் கழுவி எடுத்து, சூடான ஐடில் ஆம்பியரை மறுபடியும் அளந்து பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.