கேஸ் வாடை வந்தால் குரூப்பில் கேட்காதீர்கள்

மதுரையில் 22 வருடமாகக் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறேன். போன மாதம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்குப் பர்னர் மாற்றப் போனேன். கதவு திறந்ததுமே வாடை குப்பென்று அடித்தது. கேட்டால், “ஆமாண்ணே, காலையிலிருந்தே லேசா வருது. குரூப்ல போட்டிருக்கேன், யாரும் பதில் சொல்லல” என்று போனைக் காட்டுகிறார் அந்தத் தம்பி. வாடை போகட்டும் என்று எக்ஸாஸ்ட் ஃபேனை வேறு ஓடவிட்டிருக்கிறார்! வெடிக்காமல் இருந்தது யார் செய்த புண்ணியமோ.

படித்த பிள்ளைதான். ஆனால் தன் மூக்கு சொன்னதை நம்ப நாலு பேர் ‘ஆமாம்’ போட வேண்டியிருக்கிறது. கேஸுக்குச் சொந்த வாடையே கிடையாது. மெர்காப்டான் என்ற நாற்றத்தை வேண்டுமென்றே கலந்து அனுப்புவதே மூக்குக்கு உடனே தெரியட்டும் என்றுதான்.

சரி, வாடை வந்தால் என்ன செய்ய வேண்டும்? முதலில் அடுப்பின் திருகையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். பூஜை விளக்கு, ஊதுபத்தி எரிந்தால் அணையுங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். ஜன்னல் மட்டும் போதாது, ஏனென்றால் கேஸ் காற்றைவிடக் கனம். தரையோடு படுத்துக்கிடக்கும், வாசல் வழியாகத்தான் நன்றாக வெளியேறும். சுவிட்சு பக்கமே போகாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, இரண்டிலும் பொறி வரும். அந்தத் தம்பி வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை அதனால்தான் நானும் தொடவில்லை. ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் தொங்குமே அந்த மூடி, அதை வால்வில் அழுத்திப் போடுங்கள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள். ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? பாதி வீடுகளில் அப்படித்தான். அடுத்த சிலிண்டரோடு வருவதை எடுத்து வையுங்கள்.

எங்கே கசிகிறது என்று பார்க்க சோப்புத் தண்ணீர் போதும். தொட்டுத் தடவினால் கசிகிற இடத்தில் நுரை கொப்பளிக்கும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் பார்த்தவரை பெரும்பாலும் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்தான் வில்லன். அதனால் சிலிண்டர் போடுகிறவரை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். அவர் நிற்கும்போதே வாஷர் இருக்கிறதா, நுரை வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் வருடமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. ‘பி-28’ என்றால் 2028 ஜூனுக்குள் அதை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி தாண்டியது வந்தால் வாங்காதீர்கள்.

அப்புறம் டியூப். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். பார்க்க நன்றாயிருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. அழகுக்குத் துணி உறை மாட்டினால் இன்னும் மோசம், நாமே மறைத்து வைத்த மாதிரி.

தம்பி வீட்டில் கோளாறு டியூபில்தான். மேடைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது, அதில் அச்சடித்திருந்த வருடம் 2014. புதிதை மாட்டி நுரை வைத்துப் பார்த்துவிட்டு, பழையதை அவர் கையில் கொடுத்தேன். அதைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டார். நான் படியிறங்குவதற்குள் பதினோரு பேர் கைகூப்பிவிட்டார்களாம்.