பாஸ்ச்சரெல்லா உறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் ஆட்டு நுரையீரலிலிருந்து பாஸ்ச்சரெல்லா மல்ற்றோசிடா என்னும் பற்றீரியாவைப் பிரித்தெடுக்க இளையவர்களைப் பழக்கி வருகிறேன். கையுறை, கிருமியழிப்பு என்பவற்றை அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பற்றீரியாவைச் சுற்றியுள்ள உறைப் பல்சக்கரைட்டு (சர்க்கரைச் சங்கிலி) என்று வந்ததும், நான் முன்பு விழுந்த அதே குழியில் அவர்களும் விழுகிறார்கள்.

பி.சி.ஆர். பட்டையைக் கண்டு உறை உண்டென நம்புதல்

2001 இல் வெளியான பல்கூட்டு பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டுகளைப் பெருக்கிக் கண்டறியும்) முறை ஏ, பி, டி, ஈ, எப் என்னும் ஐந்து உறை வகைகளையும் பரம்பரையலகைக் கொண்டு பிரித்தறிகிறது. ஏ வகைக்குரிய பட்டை ஜெல்லில் தெரிந்தால் அவ்வகை உறையின் பொருளான ஹயலுரோனிக்கமிலத்தைத் தொகுக்கும் பரம்பரையலகு உண்டு என்பது உறுதி. உறை உண்டாகிறதா என்பதை அந்தப் பட்டை சொல்லாது.

முன்னர் நான் பணிபுரிந்த ஆய்வுகூடமொன்றில், ஏ வகைப் பற்றீரியா ஒன்றை ஆழ்குளிரில் சேமிக்காமல், கிழமைதோறும் புதிய குருதி ஏகார்த் தட்டுக்கு மாற்றி மாற்றியே வைத்திருந்தேன். மூன்று மாதத்தின் பின் உறையைப் பிரித்துக் கார்பசோல் சோதனை செய்தபோது, ஹயலுரோனிக்கமிலத்தின் கூறான குளுக்குரோனிக்கமிலத்துக்கு வர வேண்டிய இளஞ்சிவப்பு ஊதா நிறம் வரவேயில்லை. சல்பூரிக்கமிலத்தைச் சந்தேகித்தேன், கார்பசோலைச் சந்தேகித்தேன். பற்றீரியாவைச் சந்தேகிக்க மேலும் ஆறு கிழமைகள் சென்றன. தட்டைச் சரித்து வெளிச்சத்துக்குப் பிடித்தபோதே விடயம் புரிந்தது: தொடக்கத்தில் வழவழத்து வானவில் மினுக்கம் காட்டிய கொலனிகள் இப்போது சிறுத்து, நீலம் பாய்ந்து கிடந்தன. அப்போதும் பி.சி.ஆர். ஏ வகை என்றே காட்டியது.

தானாகவே உறையிழந்த பற்றீரியாக்களில் உறைப் பரம்பரையலகுகள் பழுதின்றி இருந்தும், அவற்றை இயக்கும் ஃபிஸ் என்ற புரதத்தின் பரம்பரையலகில் ஒரேயொரு நியூக்கிளியோதைட்டு மாறியிருந்ததை 2010 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஃபிஸ் செயலிழந்தால் உறைப் பரம்பரையலகுகள் படியெடுக்கப்படுவது வெகுவாகக் குறையும். தட்டில் விலங்கின் எதிர்ப்பு இல்லை என்பதால், உறையைச் சுமக்காதவை அங்கே தடையின்றிப் பெருகலாம். இன்றும் யாராவது மேசையில் தட்டுகளை அடுக்கி மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. முதல் தட்டிலிருந்தே கிளிசரோலில் பல குழாய்களாகப் பங்கிட்டு –80 பாகையில் வையுங்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் புதிய குழாயைத் திறவுங்கள். ஹயலுரோனிக்கமிலத்தைச் சிதைக்கும் நொதியமான ஹயலுரோனிடேசைச் சுரக்கும் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரசை ஏ வகையின் குறுக்கே கீறிப் பாருங்கள். உறை இருந்தால் அருகிலுள்ள கொலனிகள் வற்றிச் சிறுக்கும்.

நொதியம் ஒத்தால் சர்க்கரையும் ஒன்றெனக் கொள்ளுதல்

ஏ, எப் வகைகளின் தொகுப்பு நொதியங்கள் ஏறத்தாழ 90 வீதம் ஒத்தவை. எனினும் ஒன்று என்-அசற்றைல்குளுக்கோசமீனையும் மற்றையது என்-அசற்றைல்கலக்றோசமீனையும் சங்கிலியில் கோக்கின்றன. இவ்விரு சர்க்கரைகளும் வேறுபடுவது 4 ஆம் காபனிலுள்ள ஐதரொட்சில் கூட்டத்தின் திசையில் மட்டுமே. இரண்டு உறைகளிலும் குளுக்குரோனிக்கமிலம் இருப்பதால் கார்பசோல் நிறம் இரண்டுக்கும் வரும்.

ஏ வகை உறைக்கு முயலில் பிறபொருளெதிரி தேடுதல்

ஹயலுரோனிக்கமிலம் முயலின் உடலிலும் உண்டு. அதனால் முயல் அதை அந்நியப் பொருளாகக் கொண்டு பிறபொருளெதிரி ஆக்குவது அரிது.